மடித்து வெட்டிய சிறகுகள்

அந்தக் காலத்தில் புழுவுக்குப் பேச்சு இருந்தது, பருவங்களுக்குக் கால் இருந்தது. மழை ஓடி வரும். பனி பதுங்கிப் பதுங்கி வரும். இளவேனில் மட்டும் பச்சைச் சேலை கட்டிய பெண்ணாகத் தெருத் தெருவாக நடந்தே வருவாள். வாசலில் தோரணம் ஆடும் வீட்டுக்குள் நுழைந்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, மெல்ல ஊதிவிட்டுப் போவாள். அந்த மூச்சுப் பட்ட செடிதான் அந்த வருஷம் காய்க்கும். தோரணம் இல்லாத வாசலை ஆளில்லாத வீடென்று எண்ணித் தாண்டிவிடுவாள். தோரணம் அறுந்து தொங்கினால் துக்க வீடு என்று சத்தமில்லாமல் விலகிப் போவாள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நல்லாத்தாள் என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெண் செம்பி, பையன் மாரப்பன். இன்னும் பால் பல்கூட விழாத வயது. புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் காகிதப் பட்டறையில் வேலை செய்தான். அமாவாசைக்கு அமாவாசை வீட்டுக்கு வரும்போது, வெட்டி மிஞ்சிய காகிதத் துண்டுகளைப் பிள்ளைகளுக்கென்று கட்டி எடுத்து வருவான்.

முந்தின வருஷம் பிள்ளைகள் இருவருக்கும் அம்மை போட்டிருந்தது. நல்லாத்தாள் பாயைவிட்டு நகரவில்லை. வாசலில் தோரணமும் ஏறவில்லை. இளவேனில் தாண்டிப் போய்விட்டாள். அந்த வருஷம் முழுக்கத் தோட்டத்தில் ஒரு பிஞ்சு இல்லை. வேலியோரக் கீரையைப் பறித்தே பானையை நிரப்பினாள்.

இந்த வருஷமோ வெயில் முந்திக்கொண்டு, ஊரில் மாவிலையெல்லாம் கருகிப்போனது. நல்லாத்தாள் வீட்டில் குளித்த தண்ணீர் பாயும் எலுமிச்சை மரம் ஒன்றுதான் பச்சையாக நின்றது. தோரணத்துக்கு அந்த இலையையாவது வெட்டலாமென்று அரிவாளோடு மரத்தடிக்குப் போனாள். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள்.

"அம்மணி, கொஞ்சம் பொறுங்க" என்றது ஒரு குரல். இலையோடு இலையாக ஒரு பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்த இலைதானுங்க எனக்குச் சோறு. இதையும் வெட்டிட்டா நான் எங்க போவேன்? அடுத்த மரத்துக்கு ஊர்ந்து போறதுக்குள்ள என் கதை முடிஞ்சிரும்."

அந்தக் காலத்தில் புழு என்றால் கடைசிவரை புழுதான். ஊர்ந்து ஊர்ந்து, ஒரு நாள் உதிர்ந்துவிடும்.

நல்லாத்தாள் அரிவாளை இறக்கினாள். "சரி, நீ தின்னு. என் வாசலுக்கு நான் வேற வழி பார்த்துக்கறேன்."

"வேற என்ன வழிம்மா?" என்றான் மாரப்பன்.

"அப்பா கொண்டாந்த காகிதம் இருக்குதல்ல? பூ வெட்டித் தோரணம் கட்டுவோம்."

தன் வீட்டுத் தென்னங்குருத்தில் தோரணம் பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராக்காயி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, காகிதப் பூவுக்கெல்லாம் இளவேனில் ஏமாறுவாளா?"

"ஏமாத்தவா கட்டறோம்? உள்ள ஆளிருக்குதுன்னு சொல்லத்தானே கட்டறோம்" என்றாள் நல்லாத்தாள்.

கூடத்தில் பாயை விரித்து, நடுவில் காகிதத்தைக் கொட்டினாள். கத்தரிக்கோலைத் தொட்டதுமே சண்டை மூண்டது. "அவன் பூ பெருசு!" என்று செம்பி கத்தினாள். "அவ இதழ்தான் அழகா இருக்குது!" என்று மாரப்பன் தன்னுடையதைக் கசக்கி எறிந்தான். ஒரு பூவைச் சரிசெய்தால் அடுத்த பூவுக்கு அழுகை. பாய் முழுக்கக் காகிதக் குப்பைதான் மிஞ்சியது.

நல்லாத்தாள் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்தாள். இருவர் கையையும் சேர்த்துக் கத்தரிக்கோலில் வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். மடிப்பின் ஓரமாக வளைத்து வளைத்து வெட்டினார்கள்.

"இப்பப் பிரிங்க."

பிரித்தார்கள். பக்கத்துக்கு இரண்டாக நாலு இதழ். இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே.

"இது உன் பக்கம், இது என் பக்கம்!" என்றாள் செம்பி. மாரப்பன் இரண்டையும் விரலால் அளந்து அளந்து பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் வேலை வேகமாக ஓடியது. மஞ்சள் பொடி, குங்குமம், அடுப்புக் கரி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தேய்த்தார்கள். பூக்களைவிட அவர்கள் மூக்கில்தான் நிறம் அதிகம்.

ஆனால் கோக்கும்போது கஷ்டம் வந்தது. வீட்டில் இருந்த நூல் முரடு, பூக்களைக் கிழித்தது. செம்பி மரத்தடிக்குப் போய்ப் புழுவிடம் அழுதாள்.

"அழாதே கண்ணு. எங்கிட்ட நூல் இருக்குது" என்றது புழு.

அன்று முழுவதும் அது இலையைத் தொடவில்லை. வாயிலிருந்து இழை இழுத்து இழுத்துக் கிளையில் சுற்றியது. சாயங்காலம் வெண்மையாக, வழவழப்பாக ஒரு நூல்கண்டு தயாராக இருந்தது. தோரணம் வாசலில் ஏறியது. மூவரும் சேர்ந்து வெட்டிய முதல் பூவை நடுவில் வைத்தார்கள்.

மறுநாள் காலை, "இளவேனில் தெருமுனைக்கு வந்துட்டா!" என்று சத்தம் கேட்டது. பிள்ளைகள் புழுவிடம் சொல்ல ஓடினார்கள். அது அசையவில்லை. பச்சை நிறம் போய், சருகுபோல வற்றி, இடுப்பில் மிஞ்சிய ஓர் இழையால் கிளையில் தொங்கியது. கூப்பிட்டும் பதில் இல்லை.

"நமக்கு நூல் குடுத்துத்தான் இப்படி ஆயிருச்சு" என்று மாரப்பன் விம்மினான். செம்பி அழவில்லை. வாசலுக்கு ஓடி, உரல்மேல் ஏறி, தோரணத்தின் நடுப் பூவை இழுத்தாள். பூ கைக்கு வந்தது. தோரணம் இரண்டாக அறுந்து தொங்கியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பூவின் நடு மடிப்பில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, புழுவின் முதுகில் ஒட்டினாள்.

நல்லாத்தாள் வெளியே வந்தாள். அறுந்த தோரணத்தைப் பார்த்தாள். இளவேனில் ராக்காயி வீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பூவைப் பிய்த்து வந்தால் தோரணத்தை மறுபடி கட்டிவிடலாம். மரத்தடியைப் பார்த்தாள், ஒரு பக்கத்தைச் செம்பியும் மறுபக்கத்தை மாரப்பனும் பிடித்துப் பூவை அழுத்திக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்துப் பானை ஒரு கணம் அவள் கண்முன் வந்தது.

'இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டாள். வாசல் நடுவில் போய் நின்று, அறுந்த இரண்டு நுனிகளையும் இரண்டு கையால் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

இளவேனில் நின்றாள். "இதென்னம்மா, தோரணத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறே? துக்கமா?"

"வீட்டுக்குள்ள துக்கம் இல்லீங்க அம்மணி. தோட்டத்துல ஒரு புழு வாடிப்போச்சு. நடுப் பூவை எங்க பிள்ளைங்க அதுக்குக் குடுத்துட்டாங்க. மீதியை நான் பிடிச்சிருக்கேன். உள்ள வாங்க."

இளவேனில் குனிந்து அவள் கைக்குக் கீழே நுழைந்தாள். நேராக எலுமிச்சை மரத்துக்குப் போனாள். வற்றிய உடலையும், அதன் முதுகில் இருந்த பூவையும், நிறம் அப்பிய பிள்ளைகளின் விரல்களையும் பார்த்தாள். பிறகு ஊதினாள்.

சருகு வெடித்தது. காகிதம் சிலிர்த்தது. நாலு இதழும் ஒருமுறை மூடித் திறந்தன. மெலிந்த உடலொன்று அவற்றைத் தூக்கிக்கொண்டு, தடுமாறி, வேலிக்கு மேலே ஏறிப் பறந்தது. அதற்குப் பேச்சு போயிருந்தது. ஆனால் போகும் முன் செம்பியின் தலையிலும் மாரப்பனின் தலையிலும் உட்கார்ந்து எழுந்தது.

அந்த வருஷம் எலுமிச்சை கிளை தாழக் காய்த்தது. பூசணிக்கொடி கூரையேறியது. அமாவாசைக்கு வந்த புருஷனிடம் பிள்ளைகள் முதலில் கேட்டது இன்னும் கொஞ்சம் காகிதம்தான்.

அன்று முதல்தான், புழு கூட்டுக்குள் வற்றிக் கிடந்து வண்ணத்துப்பூச்சியாக எழுகிறது. இரண்டு பக்கச் சிறகும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கின்றன. உட்கார்ந்தால் மடிப்பில் மடிந்துகொள்கின்றன. தொட்டால் விரலில் நிறம் ஒட்டுகிறது.