மஞ்சள் படகில் எல் போர்டு

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. அந்தக் கடல் இருவருக்குமே புதிது.

சீடர் நாச்சிமுத்து திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்ததால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஸ்கூலை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி மரகதத்துடன் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் வாடகைக்கு வீடு பிடித்தார். மரகதத்துக்குக் கடற்காற்று பிடித்துப்போயிற்று. அவருக்கு ஒரு மஞ்சள் கயாக் பிடித்துப்போயிற்று.

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான பிளாஸ்டிக் படகு. எஞ்சின் கிடையாது. பிரேக்கும் கிடையாது. அதில் போய்த் தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு வாங்கிவிட்டார்.

குரு ஜெனோவா குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பிறந்து, அங்கேயே பல வருடம் கயாக் சொல்லிக்கொடுத்தவர். கணவருக்கு வேலை மாற்றலானதால் இந்தக் கரைக்கு வந்திருந்தார். அவருடைய கயாக் நீலம்.

முதல் நாள் நாச்சிமுத்து முழங்கால் தண்ணீரில் கவிழ்ந்தார். எழுந்து உட்கார்ந்து மறுபடியும் கவிழ்ந்தார்.

"டீச்சரம்மா, நேரா ஓட்டுனா இது ஏன் கோணலாப் போகுது?"

"நீங்க கோணலாப் பாக்குறீங்க மாஸ்டர். பாக்குற பக்கம்தான் போகும்."

நாச்சிமுத்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இதே வார்த்தையைச் சொல்லித்தான் நான் வீடு கட்டினேன்."

மறுநாள் அவர் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வந்தார். வெள்ளைச் சதுரத்தில் சிவப்பு எழுத்து. எல் போர்டு. ஸ்கூலில் மிஞ்சியது. கயாக்கின் மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று ஒட்டினார்.

"எதுக்கு?" என்றார் ஜெனோவா.

"எல் போர்டைப் பாத்தா வண்டிக்காரன் ஒதுங்கிப் போவான். வள்ளக்காரங்களும் ஒதுங்குவாங்கள்ல?"

ஜெனோவா ஸ்டிக்கரை விரலால் தேய்த்துப் பார்த்தார். "தண்ணியில நிக்கும்போல. ஒட்டுங்க."

வள்ளக்காரர்கள் ஒதுங்கவில்லை. கிட்டே வந்தார்கள்.

முதலில் வந்தவர் கில்பர்ட். சொந்தமாக வள்ளம், அதாவது எஞ்சின் பூட்டிய ஃபைபர் மீன்பிடிப் படகு, வைத்திருப்பவர். எஞ்சினை அணைத்துவிட்டு, மஞ்சள் கயாக்கைச் சுற்றிப் படித்தார்.

"அண்ணாச்சி, எட்டுப் போட்டுக் காட்டும், பாப்போம்."

"ரிவர்ஸ் இன்னும் வரலை. வந்ததும் போடுறேன்."

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிளம்பும்போது கில்பர்ட் கையை நீட்டினார். "அந்தா வெள்ளை மிதப்பு தெரியுதா? அதுக்கு அங்கிட்டு நண்டு வலை கிடக்கு. உம்ம தூண்டில் போச்சுன்னா வராது. இங்கிட்டே நில்லும்."

அடுத்த நாள் இன்னொரு வள்ளம். "ஓய் எல் போர்டு! அந்தப் பக்கம் அடியில பாறை. வத்தம் நேரத்துல, தண்ணி இறங்கினதும், தட்டும்."

அதற்கடுத்த நாள் வேறொருவர். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதான்.

முற்பகலில் தினமும் ஏதாவது ஒரு வள்ளத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தவறாமல் வரும். "அண்ணாச்சி, கச்சான் எழும்பப் போகுது! கரையைப் பாத்துத் திரும்பும்!"

கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று. ஒரு நாள் சீக்கிரம் எழும்பும், ஒரு நாள் தாமதமாக. குரல் கேட்டதும் மஞ்சள் கயாக் திரும்பும். நீலக் கயாக்கும் திரும்பும். கரை ஏறிச் சற்று நேரத்தில் மணல் பறக்க ஆரம்பிக்கும்.

ஒரு வாரம் போயிற்று. நாச்சிமுத்து இப்போது கவிழ்வதில்லை. ஆனால் மீனும் கிடைக்கவில்லை. தூண்டிலில் வந்தவை கடல்பாசி, ஒற்றைச் செருப்பு, காற்றில் பறந்து விழுந்த அவருடைய தொப்பி.

மரகதம் அந்தத் தொப்பியைக் கொடியில் காயப்போட்டார். கயாக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்தார்.

"இதுல மண்ணைக் கொட்டினா ரெண்டு பாத்தி கீரை வரும்."

"மரகதம்!"

"புதன்கிழமை சம்பந்தி வர்றாரு. தினமும் மீன் பிடிக்கப் போறேன்னு போன்ல உங்க வாயாலதான சொன்னீங்க? அன்னைக்கு மதியத்துக்கு உங்க கையால ஒரு மீனாவது குழம்புல கிடக்கணும். இல்லேன்னா வியாழக்கிழமை விதை தெளிக்கிறேன். அரைக்கீரையா முளைக்கீரையான்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விதைப் பொட்டலம் ஜன்னலில் இருந்தது.

மறுநாள் கரையில் நாச்சிமுத்து குருவிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, இந்த ஸ்டிக்கரை எப்ப உரிக்கலாம்?"

"உங்க ஸ்கூல்ல எப்ப உரிப்பீங்க?"

"டெஸ்ட் பாஸ் ஆனதும்."

"யாரு டெஸ்ட் வைப்பாங்க?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர்."

"இங்க யாரு?"

நாச்சிமுத்து யோசித்தார். "நீங்கதான்."

"நான் கயாக்குக்கு. கடலுக்கு யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார் ஜெனோவா. படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்.

சம்பந்தி சுந்தரவடிவேல் செவ்வாய் மாலையே வந்துவிட்டார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். காரின் டிக்கியிலிருந்து ஒரு சாக்கு முருங்கைக்காயை இறக்கினார்.

"எதுக்குங்க இவ்வளவு?" என்றார் நாச்சிமுத்து.

"மீன் கிடைக்கலேன்னா சாம்பாருக்கு ஆகுமில்ல."

மரகதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கை உள்ளே இழுத்துப்போனார்.

காலையில் மரகதத்தோடு சம்பந்தியும் கரைக்கு வந்தார். வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட வேண்டுமாம். நாச்சிமுத்து கயாக்கைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். குனிந்து, நான்கு ஸ்டிக்கரையும் ஒவ்வொன்றாக உரித்துச் சுருட்டி, சட்டைப் பையில் வைத்து, சட்டையைக் கழற்றி மரகதத்திடம் கொடுத்தார். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஜெனோவா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று கடல் தட்டு மாதிரிக் கிடந்தது. தூரத்தில் பறவைகள் கூட்டமாக விழுந்து விழுந்து எழுந்தன. கீழே மீன் இருக்கிறது என்று அர்த்தம். நாச்சிமுத்து தூண்டிலைப் பின்னால் இழுபடவிட்டு, அதை நோக்கித் துடுப்புப் போட்டார். பறவைகள் நகர்ந்தன. அவரும் நகர்ந்தார்.

கில்பர்ட்டின் வள்ளம் கடந்து போயிற்று. அவர் எஞ்சினை அணைக்கவில்லை. எதிரே வரும் பஸ்ஸுக்கு இன்னொரு பஸ் டிரைவர் காட்டுவதுபோல ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அடுத்த வள்ளமும் அப்படியே.

நாச்சிமுத்துவின் முதுகு நிமிர்ந்தது. "பாத்தீங்களா டீச்சரம்மா, மரியாதையை!"

ஜெனோவா துடுப்பை நிறுத்தினார். கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

பறவைகள் எழுந்து கலைந்து போயின. நாச்சிமுத்துவின் கழுத்தின் பின்புறம் சில்லென்றது. கரையிலிருந்து காற்று வந்தது. முதலில் விசிறியின் முதல் நம்பர் மாதிரி. பிறகு ரெண்டாம் நம்பர். பிறகு நம்பர் பார்க்க நேரமில்லை.

"திரும்புங்க மாஸ்டர்!"

திரும்பினார்கள். துடுப்புப் போட்டார்கள். கரையில் தெரிந்த கோயில் கோபுரம் கிட்டே வரவில்லை. கை ஓயும்வரை போட்டுவிட்டுப் பார்த்தால் அது இன்னும் சிறியதாக இருந்தது.

"டீச்சரம்மா, நியூட்ரல்ல மேட்டுல நிக்கிற மாதிரி இருக்கே!"

"பேசாதீங்க. குனிஞ்சு போடுங்க. என் பக்கத்துலயே வாங்க."

ஒரு வள்ளம் தெரிந்தது. நாச்சிமுத்து துடுப்பை உயரத் தூக்கி ஆட்டினார். வள்ளத்தில் இருந்தவரும் கையை உயர்த்தி உற்சாகமாக ஆட்டினார். வள்ளம் போய்விட்டது.

"டாட்டா காட்டிட்டுப் போறான் டீச்சரம்மா!"

ஜெனோவா கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். நிறுத்தி ஊதினார். விடாமல் ஊதினார். வெகு நேரம் கழித்து, வலையை வாரிப்போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளம் மூக்கைத் திருப்பியது. கில்பர்ட்.

"என்ன அண்ணாச்சி, இலங்கைக்கா?"

"கரைக்குத்தான். வழி விடமாட்டேங்குது."

"கச்சான் எழும்புற நேரம்னு தெரியாதா?"

"நீங்க யாரும் சொல்லலையே!"

கில்பர்ட் கயாக்கின் மூக்கைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். "போர்டு இல்லையே. லைசென்ஸ் வாங்கியாச்சுன்னு நினைச்சோம். லைசென்ஸ்காரர்கிட்டப் போயி நாங்க என்னத்தச் சொல்ல?"

நாச்சிமுத்து பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்த இடத்தைக் கையால் மறைத்தார்.

கயிறு வந்தது. வள்ளத்தின் பின்னால் நீலக் கயாக், அதன் பின்னால் மஞ்சள் கயாக். வரிசையாகக் கரைக்கு இழுபட்டார்கள். நாச்சிமுத்து துடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். அரைக்கீரையா முளைக்கீரையா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அப்போது முதுகுக்குப் பின்னால் கிர்ரென்று ஒரு சத்தம். சுருட்ட மறந்த தூண்டில் வில்லாக வளைந்திருந்தது.

"நிறுத்துங்க! கில்பர்ட்டு, நிறுத்துங்க!"

"நிறுத்தக் கூடாது! மெதுவா வர்றேன், நீரு சுருட்டும்!"

"ஆக்ஸிலேட்டரைக் குறைங்கய்யா!"

வள்ளத்தில் ஒருவர் சுருட்டு என்றார், ஒருவர் விடு என்றார். இரண்டும் சரிதான் என்றார் ஜெனோவா, மாறி மாறிச் செய்ய வேண்டும். கயாக் ஒரு பக்கம் சாய்ந்தது. கவிழவில்லை. ஒரு முழத்துக்குக் குறையாத சூரை மீன் ஒன்று அவர் மடியில் வந்து விழுந்து துடித்தது. நாச்சிமுத்து அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரை சேரும்வரை விடவில்லை.

சம்பந்தி எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார்.

"போகும்போது படகா போனீங்க. வரும்போது ரயில் பெட்டி மாதிரி வர்றீங்க."

நாச்சிமுத்து மீனை மரகதத்திடம் நீட்டினார். மரகதம் அதை வாங்கவில்லை.

"யாரு பிடிச்சது?"

பொய் சொல்ல வசதியான நேரம். சம்பந்தி எதிரில் நிற்கிறார். கேமரா ஓடுகிறது.

"தூண்டில் என்னோடது. வண்டி ஓட்டுனது கில்பர்ட்."

"அப்ப பாதி மீன்தான் கணக்கு."

"பாதிதான்."

மரகதம் கில்பர்ட்டைப் பார்த்தார். "மத்தியானம் நீங்களும் சாப்பிட வரணும். பாதி உங்களோடது." பிறகு தன் கையில் இருந்த கணவரின் சட்டைப் பையில் கைவிட்டு, சுருண்டு கிடந்த ஸ்டிக்கர்களை எடுத்தார். "இது படகுல இருந்தா படகு இருக்கும். இல்லேன்னா கீரை."

அன்றைய மீன் குழம்பில் முருங்கைக்காயும் கிடந்தது. சம்பந்தி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். எதை என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை குருவும் சீடரும் கரையில் நின்றார்கள். பழைய ஸ்டிக்கர்கள் ஒட்டவில்லை. நாச்சிமுத்து கட்டிலிருந்து புதிதாக எடுத்து ஒட்டினார். மூக்கு, வால், இரண்டு பக்கம்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். நேத்து நான் உரிச்சதைப் பாத்தீங்க. ஏன் ஒண்ணும் சொல்லலை?"

ஜெனோவா தன் கயாக்கின் மீது உட்கார்ந்தார்.

"நேத்து நான் திரும்பித் திரும்பிக் கரையைப் பாத்தேனே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். என்ன தேடுனீங்க?"

"ஒண்ணும் தேடலை. கரைக்குத் திரும்புற வள்ளத்துல யாராவது சத்தம் போடுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"என்ன சத்தம்?"

"எங்க ஊர்ல கச்சான் கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும். நம்மளக் கொண்டுவந்து வீட்டுல விடும். இங்க அதே காத்து வெளிய தள்ளுது. தள்ளும்னு தெரியும். இந்தக் கரையில எப்ப எழும்பும்னு தெரியாது. இத்தனை நாளும் அவங்க உங்களுக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் நானும் திரும்பினேன்."

நாச்சிமுத்து ஸ்டிக்கர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க படகுல ஒட்டியிருந்ததால, அந்தப் போர்டு உங்களுக்கு மட்டும்னு நினைச்சுட்டேன்" என்றார் ஜெனோவா.

தூரத்தில் கில்பர்ட்டின் வள்ளம் எஞ்சினை அணைத்துவிட்டு அவர்கள் பக்கம் மிதந்து வந்துகொண்டிருந்தது.

ஜெனோவா எழுந்து, நீலக் கயாக்கின் மூக்கைத் துண்டால் ஈரம் போகத் துடைத்தார். கையை நீட்டினார்.

"பெரிய சைஸ் இருக்கா மாஸ்டர்?"