வெங்காயத்தோல் பட்டு

முன்னொரு காலத்தில் மருதூர் நாட்டைச் செங்கதிரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். மழை பெய்தது, ஏரி நிரம்பியது, ஆகவே நல்ல ராஜாதான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒரே ஒரு குறை, முகஸ்துதி என்றால் அவருக்கு வெல்லக்கட்டி. அவர் பிறந்த நாள்முதல் அந்த நாட்டில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செங்கதிரன் என்றே பேர் வைத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெசவுத் தெருவில் பட்டம்மை என்றொருத்தி இருந்தாள். பேரிலும் பட்டு, பிழைப்பிலும் பட்டு. மயில்கழுத்து, மாந்துளிர் என்று கண்ணில் கண்டதை வைத்தே நிறத்துக்குப் பேர் சொல்வது அந்தத் தெரு வழக்கம். ஒருநாள் அவள் சாயத் தொட்டியிலிருந்து, சின்ன வெங்காயத்தின் மேல்தோல் மாதிரி பளபளவென்று ஒரு நிறம் எழுந்து வந்தது. "வெங்காயத்தோல்!" என்றாள். அவள் புருஷன் அதைப் புடவையாக நெய்தான். ஊரே வாங்கியது, அரண்மனையில் மகாராணியும் வாங்கி உடுத்தினாள்.

"அழகான பட்டு! நெய்த கைக்கு வளையல் போடலாம்" என்று ராஜா சபையிலேயே சொல்லிவிட்டார். அங்கேதான் வந்தது வினை. சபையில் பீதாம்பரர் என்றொரு பெரிய மனுஷர் உண்டு. பீதாம்பரம் என்றால் மஞ்சள் பட்டு என்று அர்த்தம். ஆனால் பேர்தான் பட்டு, குணம் கோணிச் சாக்கு. தன்னைத் தவிர இன்னொருத்தரை ராஜா புகழ்ந்தால் அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு! ராணியம்மா உடம்பில் வெங்காயத்தோலா? உதிக்கிற சூரியன் நிறமல்லவா அது! தங்கள் திருநாமத்தையே சூட்டி, செங்கதிரன் பட்டு என்று சொல்லச் செய்யலாமே" என்றார். ராஜா உச்சி குளிர்ந்து போனார். சட்டத்தைப் பீதாம்பரரே எழுதினார். பழைய பேரைச் சொன்னால், நெய்தவர் வீட்டுத் தறியை முறிக்க வேண்டும். உடுத்தியவரானால் புடவையைப் பறிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பீதாம்பரரின் ஆள் ஒருவன் புடவை வாங்க வந்தவன் போலப் பட்டம்மை வீட்டில் நுழைந்தான். "இது என்ன பட்டு?" என்றான். "இந்தப் பட்டுதான்" என்றாள். "பேர் சொல்லம்மா." "நிறத்தைப் பாருங்கண்ணே, பேர் எதுக்கு?" அவன் விடவில்லை. பேரே சொல்லாமல் எத்தனை நேரம் சரக்கு விற்பது? "வெங்காயத்தோல்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டு போனார்கள். புருஷனைத் தறிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, கோடரியோடு ஒரு சேவகனையும் காவல் வைத்தார்கள். தீர்ப்பு வந்ததும் தறி விறகாகும். அந்த ஒரு தறிதான் அவர்களுக்குச் சோறு.

"சட்டம் தெரியாதா உனக்கு?" என்று சபையில் கேட்டார் ராஜா.

"தெரியும் சாமி. தண்டோரா எங்க தெருவிலயும் போட்டாங்க."

"பின்னே?"

"புதுப்பேரை என் வாயால சொல்ல முடியாதுங்க."

சபை திடுக்கிட்டது. "கேட்டீர்களா பிரபு! தங்கள் பேர் இவளுக்குக் கசக்கிறதாம்" என்று எகிறினார் பீதாம்பரர்.

"ஐயோ, கசக்கல சாமி. எங்க வீட்டுக்காரருக்கும் அதே பேர்தான். கட்டினவர் பேரைச் சொல்லலாமா? பக்கத்து வீட்டு அக்கா புருஷன் பேரு சோலை. அது தோப்பைக்கூடச் சோலைன்னு சொல்லாது."

பீதாம்பரர் சிரித்தார். "ராஜ கட்டளைக்கு முன்னால் வீட்டு வழக்கம் எம்மாத்திரம்? ராஜபக்தி உள்ள பெண் யாராயிருந்தாலும் தயங்காமல் சொல்லுவாள்!"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் மனுஷர். பட்டம்மை தலை நிமிர்ந்தாள்.

"சாமி, ராஜபக்தியில நம்ம மகாராணியை மிஞ்சினவங்க உண்டா?"

"ஒருத்தரும் இல்லை!" என்று முந்திக்கொண்டார் பீதாம்பரர்.

"அவங்க உடுத்தியிருக்கறதும் எங்க தறிப் பட்டுதான். அது என்ன பட்டுன்னு ராஜாவே கேட்கட்டும். அவங்க புதுப்பேரைச் சொல்லிட்டா, அந்தத் தறியை என் கையாலயே முறிச்சுப் போடறேன்."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்து ஆசனத்தில் இருந்த ராணியைப் பார்த்தார். "தேவி, இது என்ன பட்டு?"

ராணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சபையிலே கேட்கிற கேள்வியா இது?" என்றாள். ராஜா மறுபடி கேட்டார். சாளரத்துக்கு வெளியே இருந்த சூரியனை விரலால் காட்டினாள்.

"வாயால் சொல்ல வேண்டும் தாயே" என்றார் பீதாம்பரர், பணிவாக.

ராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "வெங்காயத்தோல்! போதுமா?" என்று வெடித்தாள்.

ராஜாதான் முதலில் பேசினார். "பீதாம்பரரே, உடுத்தியவர் சொன்னால் என்ன தண்டனை என்று எழுதினீர்?"

"பு... புடவையைப் பறிக்க வேண்டும் பிரபு."

"போய்க் கேளும், பார்ப்போம்."

தேள் கொட்டின திருடன் மாதிரி விழித்தார் பீதாம்பரர். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. "என் பேரை வைத்து, பாதி நாட்டுப் பெண்கள் வாயைக் கட்டிவிட்டேனே" என்றார். கோடரிக்காரனைத் திருப்பி அழைக்க ஓர் ஆள் ஓடினான். வெங்காயத்தோல் வெங்காயத்தோலே என்று எட்டுத் தெருவிலும் தன் கையாலேயே தண்டோரா அடிக்கப் பீதாம்பரர் புறப்பட்டார்.

பட்டம்மை குடும்பத்துக்கு ஒரு வீடும் இரண்டு புதுத் தறியும் கொடுக்கச் சொன்னார் ராஜா. ஓலை எழுதுகிற கணக்கர் எழுத்தாணியை எடுத்தார். "உன் புருஷன் பேர் என்னம்மா?" என்றார் பழக்கதோஷத்தில்.

பட்டம்மை தரையைப் பார்த்தாள்.

"அவளை ஏன் கேட்கிறீர்?" என்றார் ராஜா. "என் பேரை எழுதும். முன்னால் ராஜாதிராஜ எல்லாம் வேண்டாம், வெறும் பேர் போதும்."