நீலக் காரும் இடுப்புக் கோடும்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு நீலக் கார் இருந்தது. நல்ல கார்தான், குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்னால் அதை வைத்திருந்த எந்த மகராசனோ அதன் இடுப்பைச் சுற்றி ஆரஞ்சு பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தான். வந்த வினை அங்கேதான். அந்த ஊர் ஷேர் வேன்களுக்கும் அதே ஆரஞ்சுக் கோடு.

கார் எங்கே நின்றாலும் ஜனம் ஏறியது. போன வாரம் சிக்னலில் மீன் கூடையோடு ஒரு அம்மா பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, மார்க்கெட்டில் இறக்கிவிடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தூங்கியே போனார். ஓட்டிக்கொண்டிருந்த தங்கப்பழம் வாயில்லாப் பூச்சி. கொண்டுபோய் இறக்கியும் விட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி செல்வக்கனிக்குத்தான் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்கு வந்ததும் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

“கோடு போகணும். ஆனா வண்டி பெயிண்டுல சேதாரம் தெரியக் கூடாது. ரெண்டுல எது தப்புனாலும் வண்டிய வித்துருங்க.”

போர்ட்டிகோவில் நின்ற காருக்கு இதைக் கேட்டு இன்ஜினே குளிர்ந்துவிட்டது. பாலம் ஏறும்போது ‘வாடா ராசா’ என்று சொல்லி ஓட்டுகிற செல்வக்கனியை விட்டுவிட்டு அது எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கப்பழம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமான்களைக் கொண்டுவந்து பரப்பினார். பிளேடு, உப்புத்தாள், தின்னர், மண்ணெண்ணெய், கிழிந்த பனியன், ஒரு டப்பா பாலிஷ். பரப்பிய உடனே அங்கே சண்டை பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்பில் கோட்டை உரித்துவிடுவதாக பிளேடு சவால் விட்டது. நீ இழுத்தால் கோடும் வரும், கூடவே தகரமும் வரும் என்று உப்புத்தாள் கரகரத்தது. பேச வந்துட்டாரு பெரிய மனுஷன், நீ மட்டும் என்ன பஞ்சா என்று பிளேடு திருப்பிக் கேட்டது. தின்னர் மூடியைத் திறந்ததும் அதன் வாசத்தில் எல்லாருக்குமே லேசாகத் தலை சுற்றி, எதற்கென்று தெரியாமல் ஒரே சிரிப்பு.

கார் மட்டும் சிரிக்கவில்லை. அது கோட்டைத் திட்டு திட்டென்று திட்டியது. “உன்னால என் மானமே போச்சு. இந்த ஊர்ல எனக்குள்ள ஏறாத ஆளே கிடையாது. இறங்கித் தொலை.”

கோடு கோபப்படவில்லை. “போகச் சொன்னா போறேன்பா. பிச்சு எறியாம இறக்கி விடச் சொல்லு. அது எனக்காக இல்ல” என்றது. என்ன ராங்கி பார் என்று கார் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எடுத்த எடுப்பில் வெளியே கை வைக்க வேண்டாம், கதவுக்கு உள்விளிம்பில் போட்டுப் பாருங்கள் என்றார் செல்வக்கனி. நல்லவேளை சொன்னார். தின்னரைத் தொட்டு அங்கே தேய்த்ததுதான் தாமதம், பனியன் நீலமாகிவிட்டது. கார் பதறிப் போயிற்று. தின்னருக்கு வெட்கமாகிவிட்டது. “நான் என்ன செய்ய? எனக்கு ஆரஞ்சும் ஒண்ணுதான், நீலமும் ஒண்ணுதான்” என்று தலையைக் குனிந்தது. உள்ளேதானே, கதவை மூடினால் தெரியாது என்று செல்வக்கனி மன்னித்துவிட்டார். தின்னருக்கு மூடி போட்டாயிற்று. வம்பே வேண்டாமென்று பிளேடும் உப்புத்தாளும் பெட்டிக்குள் திரும்பின.

மிச்சம் மண்ணெண்ணெய். அதற்கு எதிலும் அவசரம் கிடையாது. கதவு விளிம்பில் தேய்த்துப் பார்த்தார்கள், நீலம் அசையவில்லை. பிறகு பனியனை நனைத்துக் கோட்டின் மேல் போர்த்தி, காபி குடித்துவிட்டு வந்து மெதுவாகத் துடைத்தார் தங்கப்பழம். கோடு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஊர்க்கதை பேசிக்கொண்டே பனியனுக்கு மாறியது. இழுபறியே இல்லை.

“போயிருச்சா?” என்று கார் தன் பக்கக் கண்ணாடியைக் கேட்டது. காரின் விலாவைப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

“போயிருச்சு. ஆனா இருக்கு” என்றது கண்ணாடி.

செல்வக்கனியும் அதைப் பார்த்துவிட்டார். ஆரஞ்சு இருந்த இடத்தில் அதே அகலத்தில் பளீரென்று ஒரு நீலக் கோடு. “என்னங்க, இன்னும் இருக்கே” என்றார். குரல் உயர்ந்தது. விற்றுவிடப் போகிறார்கள் என்று காருக்கு நான்கு சக்கரமும் நடுங்கியது.

தங்கப்பழம் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “இது கோடு இல்ல கனி. இதான் வண்டியோட நிறம். மத்த இடமெல்லாம் வெயில்ல வெளுத்துக் கிடக்கு.”

இத்தனை காலமும் தன் நீலம் என்று கார் பீற்றிக்கொண்டதெல்லாம் வெளிறிப்போன மிச்சம். திட்டித் தீர்த்த கோடுதான் ஊர் வெயிலையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டு, அடியில் இருந்ததைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. காருக்கு அழுகை முட்டியது.

அதுவரை வாயே திறக்காத பாலிஷ் டப்பா அப்போதுதான் பேசியது. “அழுதது போதும். எந்த நீலம்னு இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல? அது வர்ற வரைக்கும் தேய்க்கச் சொல்லு.”

இந்தப் பக்கம் தங்கப்பழம், அந்தப் பக்கம் செல்வக்கனி. முதலில் வேலையாகத்தான் ஆரம்பித்தது, பிறகு போட்டியாகிவிட்டது. யார் பக்கம் முதலில் நீலமாகிறதென்று இருவரும் மூச்சு வாங்கத் தேய்த்தார்கள், ஒருவர் பக்கத்தை மற்றவர் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார்கள். சமையல் நடக்கவில்லை, கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஆனபோது வெளுப்பெல்லாம் ஓடிப்போய், கார் முழுக்க அந்தக் கோட்டின் நீலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

செல்வக்கனி உடனே சாவியை எடுத்தார். சிக்னலில் நின்றார்கள். ஒருத்தரும் ஏறவில்லை. விற்றுவிடும் பேச்சை யாரும் எடுக்கவும் இல்லை.

காருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் கோட்டுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டுமென்று தோன்றியது. “அது எந்த இடத்துல இருந்துச்சு, காட்டு” என்று கண்ணாடியிடம் கேட்டது.

கண்ணாடி மேலும் கீழும் தேடிப் பார்த்தது. “தெரியலையே. எல்லா இடமும் அது இருந்த இடம் மாதிரியே இருக்கு.”

வேறு வழியில்லாமல் கார் பொதுவாக ஒரு ஹாரன் அடித்தது.

“நான் அடிக்கலையே” என்றார் செல்வக்கனி.