பதினேழாவது வினாடி

ஏவுகணை கிளம்பிப் பதினோரு வினாடி ஆகிவிட்டது. இனி கூப்பிட்டாலும் வராது. விமானி கிளமெண்ட் செய்யவேண்டியது ஒன்றுதான்: இன்னும் பதின்மூன்று வினாடிக்கு விமானத்தின் மூக்கை இலக்கை விட்டுத் திருப்பக்கூடாது. கேட்க எளிது.

அந்த ஏவுகணைக்குச் சொந்தக் கண் கிடையாது. விமானத்தின் ரேடார் இலக்கின்மேல் அலையை அடிக்கும். பட்டுத் தெறித்து வருவதைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை ஓடும். ஒருத்தன் டார்ச் அடிக்க, இன்னொருத்தன் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவதுபோல. டார்ச் திரும்பினால் ஓடுகிறவன் குருடு. அதனால் சுட்டவன் எதிரியை நோக்கியே போய்க்கொண்டிருக்க வேண்டும். எந்த விமானிக்கும் சுட்டதும் திரும்பத்தான் கை துடிக்கும். போன மாதச் சோதனையில் கிளமெண்டுக்குத் துடித்தது. இருபதாவது வினாடியில் திருப்பிவிட்டார். ஏவுகணை கடலில் விழுந்தது. அன்றிலிருந்து கேன்டீனில் அவர் பெயர் திரும்பிச்சாமி.

இது மூன்றாவது சோதனை. இதுவும் போனால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். தெறித்து வரும் அலையைப் பிடிக்கும் ஏவுகணை மூக்கைச் செய்த பொறியாளர் மதிவாணிக்கு அதில் பதினோரு வருடம் போயிருக்கிறது. காலையில் ஓடுபாதைக்கே வந்துவிட்டார்.

“கழுத்து சுளுக்கிக்கிட்டாக்கூடப் பரவாயில்ல கிளமெண்ட். திரும்பாம இருந்தா சரி.”

“அசைய மாட்டேன் மேடம். சத்தியம்.”

இலக்கு ஆளில்லாத சின்ன விமானம். மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் நேர் எதிரே வருகிறது. அதற்கு மேல் அதன் எஞ்சினுக்குத் தெம்பில்லை. நாலு கிலோமீட்டர் பின்னால், அதே திசையில், படம் எடுக்கும் விமானம் ஐந்நூறில் வருகிறது. அதை ஓட்டுவது தேவசேனா. படம் தெளிவாக விழவேண்டும் என்று இந்தத் தடவை அவ்வளவு பக்கத்தில் விட்டிருந்தார்கள். கிளமெண்ட் போவது தொள்ளாயிரத்தில்.

தரையில் தளபதி பூவராகன் ரேடியோவில் வினாடி எண்ணுகிறார். எண்ணும்போது வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவர் போட்ட விதி. முதல் சோதனையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பினார்கள், அதனால். ஏவுகணையில் வெடிமருந்து இல்லை; அந்த இடத்தில் அளவுக்கருவி. ஆனால் அந்த வேகத்தில் வெறும் இரும்பே போதும்.

“பன்னிரண்டு.”

கிளமெண்டின் திரையில் ஓர் எண் உண்டு, ரேடார் பிடித்திருக்கும் பொருள் அவரை நெருங்கும் வேகம். இதுவரை ஆயிரத்து அறுநூறு என்று ஆணி அடித்தாற்போல நின்றது. இப்போது ஆயிரத்து ஐந்நூறு. அப்புறம் ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து நூறு.

“பதினைந்து.”

சட்டென்று ஆயிரத்து நானூறு. அங்கேயே நின்றது. ரேடார் பிடித்திருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு அணையவே இல்லை. தரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அந்த விளக்கு மட்டும்தான். அங்கே யாரோ கை தட்டக்கூடத் தொடங்கிவிட்டார்களாம்.

“பதினேழு.”

கிளமெண்ட் விமானத்தை இடப்பக்கம் முழுசாகச் சாய்த்துத் திருப்பினார். பச்சை விளக்கு அணைந்தது. ஏவுகணை குருடாகி, ஒரு வளைவு வளைந்து, கடலில் விழுந்தது.

இறங்கியதும் விசாரணை. பூவராகன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“விளக்கு பச்சையா எரியுது. இன்னும் ஏழு வினாடி. உனக்கு என்னய்யா வந்துச்சு?”

மதிவாணி தன் வரைபடங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அதுதான் கிளமெண்டுக்குப் பொறுக்கவில்லை.

தேவசேனா தலைக்கவசத்தை மேசைமேல் வைத்தார். “சார், என் விமானத்துல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுது. யாரோ ரேடாரால என்னைப் பிடிச்சிருக்காங்கன்னு. எண்ணும்போது பேசக்கூடாதுன்னீங்க. பேசல.”

இப்போது சொல்லுங்கள். குழப்பம் வேண்டாமென்று வாயைக் கட்டியவர் பூவராகன். விதியை மதித்து வாய் திறக்காதவர் தேவசேனா. கட்டளையையும் சத்தியத்தையும் சேர்த்தே உடைத்தவர் கிளமெண்ட். இதில் யார் செய்தது சரி? தேவசேனா ஒரு வார்த்தையும் சொல்லாதபோது கிளமெண்டுக்கு எப்படித் தெரிந்தது?

விடை: கூட்டிப் பாருங்கள். தொள்ளாயிரமும் எழுநூறும் ஆயிரத்து அறுநூறு, அது இலக்கு. எண் படிப்படியாகக் குறைந்தது, ஏனென்றால் இலக்கு பழுதாகிப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் போகிற பொருள் தானாக நெருங்குவதில்லை, அதனால் அந்த ரேடார் அதைக் கீழே கிடக்கும் கடல் அலையென்று எண்ணிக் கைவிட்டுவிடும், கைவிட்டதும் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். தொள்ளாயிரமும் ஐந்நூறும் ஆயிரத்து நானூறு. அது தேவசேனா. பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை; எதைப் பிடித்திருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே சரி கிளமெண்ட். தேவசேனாமேல் தப்பு சொல்ல மாட்டேன், உயிர் போகும்போதும் பேசாதே என்கிற விதிதான் தப்பு. பூவராகன் அன்று சாயங்காலமே அதை அடித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ சொல்லலாம் என்று எழுதினார்.

திட்டத்தையும் மூடவில்லை. அளவுக்கருவி விழும்வரை அனுப்பிய பதிவைப் பார்த்தால், அலை எதன்மேல் பட்டதோ அதை நோக்கி ஏவுகணை மயிரிழை பிசகாமல் திரும்பியிருந்தது. மதிவாணி செய்த மூக்கில் குறையே இல்லை. நாலு வருடம் கழித்து அந்த மூக்குக்குள்ளேயே சின்னதாய் ஒரு ரேடார் வைத்தார். பக்கவாட்டில் போகிறவனைத் தொலைக்கும் குறை இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் டார்ச் இப்போது ஓடுகிறவன் கையில். படம் எடுக்க மறுபடி தேவசேனாதான், இருபது கிலோமீட்டர் தள்ளி.

“சுட்டதும் திரும்பிடு கிளமெண்ட்,” என்றார் பூவராகன். “இந்தத் தடவை கட்டளையே அதுதான்.”

சுட்டார். எண் பிசகினால் தேவசேனாவுக்குச் சொல்வதற்காக, ஏவுகணை இலக்கைத் தொடும்வரை திரையின் அந்த வேக எண்ணையே பார்த்துக்கொண்டு நேராகப் போனார். திரும்பிச்சாமி திரும்பவில்லை.