கணக்கில் விழுந்த மண்டபம்

அன்றைக்கு வந்த எரிச்சலில் இன்னாசிமுத்து கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பார். பொறியியல் பல்கலைக்கழகத்தில் கிணற்றுக்கு எங்கே போவது?

வளாகத்துக்குப் பின்னால் ஒரு பாழடைந்த கல்மண்டபம். எந்த ராஜா கட்டினானோ, கோயில் போய் மண்டபம் மட்டும் மிச்சம். ஒரு பக்கம் மண் இறங்கித் தூண்களெல்லாம் சாய்ந்தும் ஜம்மென்று நிற்கிறது. அது எப்படி நிற்கிறது என்பதுதான் இன்னாசிமுத்துவின் பிஎச்.டி. ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டரில் கட்டுகிறார். கட்டக் கட்ட விழுகிறது. இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் அம்பேல்.

பழைய வழிகாட்டி ரிட்டயர் ஆகிவிட, இப்போது தௌலத் மேடம். இன்னாசிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். முதல் அத்தியாயத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். "அது எப்பவோ முடிஞ்சுது மேடம்" என்பார் இன்னாசிமுத்து.

"இன்னிக்கும் விழுந்துடுச்சு மேடம். என் கணக்குல தப்பே இல்லை. மண்டபம்தான் ஏதோ தப்பா நிக்குது!"

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சார், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு வாங்க."

மண்டபத்துக்கு நடந்தார்கள். இன்னாசிமுத்து சாய்ந்த தூண் ஒன்றில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். தினமும் அவருக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். காற்று அப்படி வரும்.

"உங்க ஐடி கார்டைக் கொடுங்க."

மேடம் அதை வாங்கி, தூணும் அடிப்பீடமும் சேரும் இடத்தில் செருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"சுண்ணாம்பு எங்கே சார்?"

"கிடையாது மேடம். கல்லு மேல கல்லை வெச்சிருக்கான், அவ்வளவுதான்."

"உங்க கம்ப்யூட்டர்ல?"

"ஒட்டித்தான் வெச்சிருக்கேன். துளிகூட அசையக்கூடாதுல்ல? அசைஞ்சா விழுந்துடாதா?"

மேடம் கார்டை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்.

இன்னாசிமுத்துவுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"அட! மண் இறங்க இறங்க இதுவும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து கொடுத்திருக்கு!"

"ம்."

அந்தச் சந்தோஷம் ஒரு கவளத்துக்குக்கூடத் தாங்கவில்லை.

"அட போங்க மேடம்! ஒட்டியிருக்குன்னு முதல் அத்தியாயத்துலயே எழுதித் தொலைச்சிட்டேனே. மத்ததெல்லாம் அது மேலதான் நிக்குது."

"அப்போ அதை மாத்துங்க."

"விளையாடுறீங்களா? அதைத் தொட்டா மொத்தமும் இடிஞ்சு விழுந்துடும்!"

தௌலத் மேடம் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இந்த மண்டபத்தையும் அப்படித்தான் சார் சொன்னீங்க."