ஆடாமல் வந்த மூன்று படங்கள்

அந்தக் கடற்கரை ஊரில் ஜெனோவா என்றொருத்தி இருந்தாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தருபவள். வயது முப்பத்துமூன்றுதான். கற்க வந்தவர்களில் பலர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

அவர்களில் ஒருவர் கஸ்பார். ஐம்பத்திரண்டு வயது. அந்த ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர் அவர்தான். தன் மனைவி டெல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்.

டெல்லாவுக்குக் காது மந்தம். வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது. வீட்டில் எதையும் கத்திச் சொல்ல வேண்டும். கத்தினால் அவளுக்குக் கோபம் போலத் தெரியும். பிறகு அது கோபமாகவே ஆகிவிடும்.

"தண்ணிக்குள்ளதான் டீச்சர் நாங்க சண்டை போடுததில்ல," என்பார் கஸ்பார். "அங்க எல்லாருக்கும் கைப்பாஷைதானே."

டெல்லாவின் காதுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்தார். செய்தால் கேட்கும். ஆனால் அந்தக் காதோடு அப்புறம் கடலின் ஆழத்துக்குப் போகவே கூடாது. அதற்கு முன் ஒரே ஒரு முறை வேண்டுமானால் போய் வரலாம் என்றார்.

அந்த ஒரு முறையில் டெல்லாவைக் கடலுக்கடியில் படம் எடுத்துவிட வேண்டும், பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கஸ்பார் ஆசைப்பட்டார். கேமராவையும் அதற்குத் தண்ணீர் புகாத உறையையும் மருமகன் கொடுத்தான். வெறுங்கையில் பிடித்தால் படம் ஆடும். கேமராவை உட்கார வைக்க ஒரு தட்டும், தட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். கடையில் விற்கும் தட்டின் விலை அவர் கைக்கு எட்டவில்லை.

அவரே செய்தார். டெல்லா காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை தட்டானது. நடுவில் துளை போட்டுத் திருகாணியால் கேமராவைப் பொருத்தினார். இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சுக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நிறுத்தினார். குழாய்களின் மேலும் கீழும் மூடி போட்டு, பசை தடவி, ஒரு ராத்திரி காயவைத்தார்.

"இனி நான் எதுல வெங்காயம் நறுக்க?" என்று கேட்டாள் டெல்லா.

"உன் மண்டையில வெச்சு நறுக்கு," என்று முணுமுணுத்தார்.

அது மட்டும் அவளுக்குக் கேட்டுவிட்டது. சிரித்தாள்.

தட்டை ஜெனோவாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் கையில் தூக்கிப் பார்த்தாள். குழாயை விரலால் தட்டினாள்.

"அண்ணே, இதுல மேலயும் கீழயும் ஓட்டை போடுங்க."

"குழாயிலயா?"

"தண்ணி உள்ள போகணும்."

கஸ்பார் சிரித்துவிட்டார். "இருபத்தெட்டு வருசமா ஓட்டையை அடைச்சு வயித்தைக் கழுவுதேன். என்னைப் போய் ஓட்டை போடச் சொல்லுதீங்களே டீச்சர்! நான் ஒட்டுன குழாய்ல ஒரு சொட்டு உள்ள போகாது."

"அதனாலதான் சொல்லுதேன்."

"நீங்க கடலைப் பாருங்க. குழாயை நான் பாத்துக்கிடுதேன்."

ஜெனோவா மறுபடி சொல்லவில்லை. இன்னொரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மூவரும் படகில் போய் இறங்கினார்கள். எட்டு மீட்டர் ஆழம். மணல் நடுவே ஒரு பாறை. அதைச் சுற்றி மீன்கள்.

இறங்கியதிலிருந்தே தட்டு மேலே மேலே இழுத்தது. அமுக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம் எகிறியது. கஸ்பார் கேமராவின் சிறிய திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவ்வப்போது ஒரு கையை விடுவித்து, முன்னால் வா என்று டெல்லாவுக்கு சைகை செய்தார். வந்தாள். பார்த்தால் கேமரா மேலே எகிறி, திரையில் பாதிக்குச் சூரியன் இருந்தது. அவர் தட்டோடு மல்லுக்கட்டி நிமிர்வதற்குள் அவளைக் காணவில்லை.

முப்பத்தைந்து நிமிடம் முடிந்தது. ஜெனோவா கட்டைவிரலை உயர்த்தினாள். மேலே போகலாம் என்று அர்த்தம்.

படகில் ஏறியதும் கஸ்பார் கத்தினார். "ஏட்டி, முன்னால நில்லு நில்லுன்னு எத்தனை தடவை கையைக் காட்டுனேன்! எங்க போய்த் தொலைஞ்ச? உனக்காகத்தான இம்புட்டும் செஞ்சேன்!"

டெல்லா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து கஸ்பார் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜெனோவாவைத் தேடி வந்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"கொசு கத்துறது கூடக் கேக்குதாம். வீட்டுல இனி மூச்சு விட முடியாது." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. "நூத்திப் பதினாலு படம் டீச்சர். அவ இருக்குற படம் எல்லாம் ஆடிப்போச்சு. புகை மாதிரி இருக்கா. முகமே இல்ல. இந்தத் தட்டுல என்ன கோளாறு?"

சிலிண்டர் கழுவும் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஜெனோவா தட்டை அதில் வைத்தாள். தட்டு குப்புறக் கவிழ்ந்து மிதந்தது.

அதை வெளியே எடுத்தாள். துளை போடும் மிஷினால் இரண்டு குழாய்களிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஓட்டை போட்டாள். மறுபடி தண்ணீரில் விட்டாள். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. தட்டு மெல்ல இறங்கி, அடியில் போய் நேராக உட்கார்ந்தது.

கஸ்பார் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணே."

"நீங்க இன்னொரு தடவை சொல்லிருக்கலாம்."

"சொல்லிருக்கணும்," என்றாள் ஜெனோவா.

அவர் போனை எடுத்துப் படங்களைத் திறந்தார். "ஒண்ணு மட்டும் புரியல. மூணு படம் ஆடவே இல்ல. பாருங்க. பாறையை எடுத்துக் கையைப் பழக்கிட்டு அவளை எடுப்போம்னு எடுத்தது. மீனோட செதிளைக் கூட எண்ணலாம். அதே தட்டு, அதே கை. அவ முன்னால வந்தா மட்டும் எகிறுது. அவளுக்கும் கேமராவுக்கும் அப்படி என்ன பகை?"

ஜெனோவா போனை வாங்கினாள்.

"கீழ ஓரத்துல இது என்ன?"

"ஏதோ வெள்ளையா விழுந்திருக்கு. மூணுலயும் இருக்கு. வெட்டிட்டா தெரியாது."

அவள் அந்த ஓரத்தைப் பெரிதாக்கி அவரிடம் கொடுத்தாள்.

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பலகையின் விளிம்பைப் பிடித்திருந்த மூன்று விரல்கள். ஒன்றில் கல்யாண மோதிரம்.

"அவ எங்க இருந்தா டீச்சர்?"

"உங்களுக்கு அடியில. மணல்ல மல்லாந்து படுத்துக்கிட்டு தட்டைக் கீழ இழுத்துப் பிடிச்சிருந்தாங்க. நீங்க கையைக் காட்டும்போதெல்லாம் விட்டுட்டு முன்னால வந்தாங்க. தட்டு எகிறும். திரும்ப அடியில போயிருவாங்க."

"அந்த முப்பத்தஞ்சு நிமிசமும்?"

"முப்பத்தஞ்சு நிமிசமும்."

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொள்ளவில்லை.

"படகுல வெச்சு நான் கத்துனனே. அது அவளுக்குக் கேட்டிருக்குமா?"

ஜெனோவா தொட்டிக்குள் கைவிட்டுத் தட்டை எடுத்தாள். குழாய்களிலிருந்து தண்ணீர் வடிந்து முடியும்வரை காத்திருந்து, அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்குக் கேட்டுச்சான்னு எனக்குத் தெரியாது அண்ணே. இன்னைக்கு நீங்க மெல்லச் சொன்னாலும் கேக்கும்."