கோபத்துக்குப் பட்டினி வைத்தியம்

மாங்குளத்து ராஜா மகுடவர்மருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். "பித்தம் தலைக்கேறிவிட்டது. மூன்று நாள் வெந்நீர் மட்டும்" என்றார் அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம். மூன்றாம் நாள் ராஜா தூணைப் பார்த்துக்கூட உறுமினார்.

அந்த நேரம் பார்த்து, சாமரம் வீசும் பொன்னுரங்கம் ஏதோ நினைப்பில் சிரித்துவிட்டான்.

"என்னடா இளிப்பு? எடுங்கள் இவன் தலையை!"

சபையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். விகடர் அம்பலவாணர் மட்டும் ராஜாவின் வயிற்றைக் கவனித்தார். அது ராஜாவைவிட பலமாக உறுமிக்கொண்டிருந்தது. பித்தமாவது கித்தமாவது! ஆனால் இப்போது நியாயம் பேசினால் இரண்டு தலை போகும்.

"அருமையான தீர்ப்பு மகாராஜா! ஆனால், சாகப் போகிறவனுடைய கடைசிச் சாப்பாட்டை ராஜா ருசி பார்த்துக் கொடுப்பதுதானே நம் அரண்மனை வழக்கம்?"

"சரி, சரி. கொண்டு வாருங்கள், சீக்கிரம்!"

வந்தது மிளகுப் பொங்கல். முந்திரி மினுமினுக்க, நெய் வழிய, ஒரு பெரிய உருளி நிறைய. ராஜா ஒரு வாய் போட்டார்.

"உப்பு சரியா மகாராஜா?"

"தெரியவில்லையே." இன்னொரு வாய்.

"மிளகு?"

"இரும், பார்க்கிறேன்."

"அடியில் நெய் இறங்கியிருக்கிறதா என்று..."

ராஜா உருளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் அழாத குறையாக அம்பலவாணர் காதில் சொன்னான்: "ஐயா, என் கடைசிச் சோறுய்யா! தீர்ந்துபோகுதே!"

"தீரட்டும்டா. அது தீர்ந்தால்தான் உன் தலை நிற்கும்."

உருளி காலி. ராஜா நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். முகத்தில் பௌர்ணமி.

"பார்த்தீர்களா, என் வைத்தியம் பலித்துவிட்டது!" என்று வைத்தியர் முன்னால் வந்து நின்றார். ராஜா அவரைக் கவனிக்கவே இல்லை; பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கேட்டார்:

"என்னப்பா, ஏன் அழுகிறாய்?"

"சிரித்தேன் மகாராஜா. அதற்கு மரண தண்டனை."

"சிரித்ததற்கா! எந்த மடையன் கொடுத்த தீர்ப்பு அது? அம்பலவாணரே, அவனைப் பிடித்து வாரும்!"

"பிடிக்க முடியாது மகாராஜா. இவ்வளவு நேரம் இந்தச் சிம்மாசனத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பொங்கல் உள்ளே போனதும் அவர் வெளியே போய்விட்டார்."

ராஜா தான் உட்கார்ந்திருந்த சிம்மாசனத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். பொன்னுரங்கத்துக்கு விடுதலை, அம்பலவாணருக்கு முத்துமாலை.

"அந்த ஆள் மறுபடி வந்தால் என்னய்யா செய்வது?"

"வைத்தியரைக் கேட்காதீர்கள் மகாராஜா. சமையல்காரரைக் கூப்பிடுங்கள்!"